வேங்கை நிலையும் நான் சொல்லாமல் விட்ட வாக்கியமும்

மர வியாபாரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தோழர்களே, ஓய்வு பெற்ற ஒருவர் தம் பணி அனுபவங்களை உங்களுக்கு எழுதுவார் என்று டிப்போ நிர்வாகம் அறிவித்தபோது, நரைத்த மீசையும் நடுங்கும் கையெழுத்தும் கொண்ட ஒருவரை நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும். எனக்கு வயது முப்பத்தொன்று. ஆறு ஆண்டுகள் இந்த டிப்போவில் மரம் விற்றுவிட்டு, இப்போது ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஒருவன் ஒரு தொழிலில் செய்யக்கூடிய தவறுகளை ஆறே ஆண்டுகளில் செய்து முடித்துவிட்டால், அவனுக்கு ஓய்வு கொடுப்பதுதானே முறை?

தவறுகளைச் சொல்லும் முன் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியிலும் கல்லூரியிலும் நான் ஏறிய பேச்சுப் போட்டி மேடைகளில் இரண்டாம் பரிசு வாங்கியது ஒரே ஒருமுறை. அன்று எனக்குக் காய்ச்சல். இதைத் தற்பெருமை என்று கொள்ள வேண்டாம். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ளத் தேவையான தகவல் என்று கொள்ளுங்கள். முதலாளி என்னை வேலைக்குச் சேர்த்ததே, அயோத்தியாப்பட்டணத்தில் நடந்த ஒரு பட்டிமன்றத்தில் என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான். "இந்த வாய் மேடையில கெடந்து என்ன பண்ணப்போவுது? மரம் விக்கட்டும்" என்றார். விற்றது.

நம் டிப்போவில் அடுக்கிக் கிடப்பது காட்டு மரம் என்பதை அறிவீர்கள். கேரளத்திலும் கர்நாடகத்திலும் வனத்துறை டிப்போக்களில் ஏலத்தில் எடுத்து, வெட்டுமுகத்தில் வனத்துறைச் சுத்தியல் முத்திரையோடும் ஓட்டுநர் கையில் அனுமதிப் பாஸோடும் வந்து இறங்குவது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுக் கட்டை விலையில் நம்மை முந்துகிறது. தோட்டத்தில் வளர்த்த தேக்கு, எளிதில் கிடைப்பதில் நம்மை முந்துகிறது. ஆயினும் நம்மைத் தேடி வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் தளத்துக்குக் கருமருது கேட்கிறார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் தேருக்கு மரம் கேட்டு ஐந்து பேராக வந்து ஆறு கருத்து சொல்கிறார்கள். புது வீடு கட்டுகிறவர்கள் தலைவாசல் நிலைக்கு வேங்கை கேட்கிறார்கள்.

இவர்கள் எல்லோரும் வாங்குவது மரத்தை மட்டுமன்று, அதைப் பற்றிப் பிறரிடம் சொல்லிக்கொள்ள ஒரு கதையையும் சேர்த்துத்தான் என்று முதல் ஆண்டிலேயே கண்டுபிடித்தேன். கண்டுபிடிப்பு சரிதான். கதையை யார் தருவது, எவ்வளவு தருவது என்பதில்தான் சறுக்கினேன்.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த போர்வெல் ரிக் முதலாளி ஒருவர், தலைவாசல் நிலைக்கு மரம் பார்க்கத் தம் அண்ணனோடு வந்தார். ரிக் முதலாளி சாந்தமானவர். வண்டி வடநாட்டில் எங்கோ பாறையைக் குடைந்துகொண்டிருக்க, அவர் இங்கே எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருப்பார். அண்ணன் அப்படியில்லை. ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏனுந் தம்பி, இது நெசமாலுமே காட்டு மரந்தானுங்களா? தோட்டத்துல வெட்டி முத்திரைய நீங்களே குத்திக்கிட்டதில்லையே?"

தோழர்களே, எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு கேள்விதான். பத்து நாள்களுக்கு முன் வந்து இறங்கிய வேங்கை ஒன்றின் மேல் கை வைத்தேன். குரலைத் தாழ்த்தித் தொடங்கினேன்.

"ஐயா, இது வாய்க்கால் வெட்டி வளர்த்த மரமன்று. மழை பெய்தால் குடித்து, பெய்யாவிட்டால் பொறுத்து, யானை முதுகு தேய்த்துச் சென்ற மரம். கோடரி பட்டால் மற்ற மரங்கள் நீர் விடும். இது குருதி வடிக்கும்! உயிருள்ள ஒன்றைத்தான் நீங்கள் தலைவாசலில் நிறுத்தப்போகிறீர்கள். உங்கள் குலத்தில் பிறக்கப்போகும் ஒவ்வொரு குழந்தையையும் இது பார்த்து உள்ளே அனுப்பும்."

வேங்கையின் பட்டையை வெட்டினால் சிவப்புப் பால் வடியும் என்பது உண்மை. யானை பற்றி எனக்குத் தனிப்பட்ட தகவல் ஏதுமில்லை. அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கண்ணில் விழுந்தது மரத்தூளா, என் பேச்சா என்பது இன்றுவரை தெரியாது. பேச்சு என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் காட்சியை ரம்ப மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் எங்கள் மில் ஆபரேட்டர். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் முதல் சுற்றிலேயே என்னிடம் தோற்றவன். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அண்ணனும் தம்பியும் தேநீர் குடிக்கச் சென்ற இடைவெளியில் என்னைக் கூப்பிட்டான்.

"டேய், அது பச்ச மரம். அவங்களுக்கு அவசரம்னா குடு, வேணாங்கல. ஆனா காயற வரைக்கும் பாலிஷ் ஏறாது. பாலிஷ் ஏறாம தண்ணி பட்டா சாயம் எறங்கும். வேங்கை அப்படித்தான். தண்ணி படக்கூடாதுன்னு சொல்லிரு."

"சொல்லிடறேன்" என்றேன்.

சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கும் எனக்கும் வசதியாக இருக்கும். ஆனால் நான் மறக்கவில்லை. என் பேச்சின் முடிவு அவ்வளவு அழகாக அமைந்திருந்தது. ஒரு பெரிய மனிதர் கண்ணைத் துடைத்திருக்கிறார். அதற்கு மேல் போய், "மேலும் ஓர் அறிவிப்பு, ஈரத் துணியால் துடைக்க வேண்டாம்" என்று சொன்னால், சிறப்புரை முடிந்து கைதட்டல் அடங்குமுன் செருப்பு காணாமல் போன தகவலை வாசிப்பது போல ஆகிவிடாதா? அரைமணி நேரம் பேசினேன். அதில் சொல்ல வேண்டியிருந்த ஒரே வாக்கியத்தை, அழகைக் கருதி விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு புதன்கிழமை காலை டிப்போ முதலாளி அழைத்தார். "அந்தத் திருச்செங்கோட்டு ஊட்டுல நிலையில ரத்தம் வருதுங்கறாங்க. வெள்ளிக்கெழம புதுமனை புகுவிழா. நீதான வித்த? போய்ப் பேசிட்டு வா."

ரத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆபரேட்டர் என்னைப் பார்த்தான். நான் தலைக்கவசத்தைத் தேடினேன். சேலத்தைக் கடந்து சங்ககிரி வழியாகத் திருச்செங்கோடு போய்ச் சேரும்வரை, பைக்கில் பின்னால் அமர்ந்திருந்த அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை ஒரு சொற்பொழிவாகவே எடுத்துக்கொண்டேன்.

வீடு புத்தம்புதியது. வாசலில் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலைவாசலில் நம் வேங்கை நிலை, மேலேயும் பக்கங்களிலும் பளபளப்பாக நின்றது. கீழே வாசற்படிக் கட்டை மட்டும் பாலிஷ் இல்லாமல் வெறுமையாக இருந்தது. அங்கே ஈரம் ஏறியிருந்ததால் பாலிஷ் கொப்புளம் விட்டதென்றும், சுரண்டி எடுத்துவிட்டு விழா முடிந்ததும் அடித்துக்கொள்ளலாம் என்று பெயின்டர் சொல்லிப் போனதாகவும் பின்னர் அறிந்தேன். அந்தக் கட்டையிலிருந்து முன்னாலிருந்த வெள்ளை டைல்ஸின் மேல், செம்பழுப்பாக ஒரு கறை நீண்டு இறங்கியிருந்தது. ஏழெட்டு உறவினர்கள் அரைவட்டமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரைவட்டத்துக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். ரிக் முதலாளியின் மருமகள், பெயர் நித்யா. எடப்பாடியில் தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்து, இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கணவன் ரிக் வண்டியோடு ராஜஸ்தானில். வெள்ளிக்கிழமை விடியலில்தான் வந்து சேருவான். அன்று காலை நிலைக்கு மஞ்சள் பூசுவதற்காக வாசற்படியைக் கழுவியவள் அவள்தான். அவள் ஊற்றிய தண்ணீர்தான் சிவந்து ஓடியது.

நடந்ததை எனக்கு விளக்கியவர் அண்ணன்.

"தம்பி, நேத்து மேஸ்திரி ஊட்டுக்காரம்மா இதே எடத்தச் சுத்தம் பண்ணுச்சு. ஒண்ணும் வருல. இன்னைக்கு இந்தப் புள்ள கை பட்டுது, வந்துருச்சு. நான் யாரையும் குத்தஞ் சொல்லுல. கண்ணுல பாத்ததச் சொல்றேன்."

"அவங்க கூட்டுனாங்க பெரிய மாமா. நாந்தான் கழுவுனேன்" என்றாள் நித்யா.

"பெரியவங்க பேசறப்ப குறுக்க வராத சாமி" என்றார் அவர், கோபமில்லாமல். கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்கு அச்சமூட்டியது. "நாங்க முடிவு பண்ணிட்டோமுங்க தம்பி. நிலைய மாத்தோணும். நாளைக்குள்ள முடியாட்டி, இந்தப் புள்ள ஒரு வாரம் அம்மா ஊட்டுல இருந்துட்டு வரட்டும். விசேசத்தன்னைக்கு இங்க வேண்டாம். பால் கொடத்த வேற யாராவது எடுத்துக்கலாம்."

அப்போதுதான் கவனித்தேன். தூணோரம் ஒரு பை ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. தன் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் ஒரு மருமகள் இல்லாமல் போனால் ஊர் என்ன பேசும், எத்தனை ஆண்டுகள் பேசும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் தொண்டையைச் செருமினேன். என் நம்பிக்கை முழுவதும் தொண்டையில்தான் இருந்தது.

"பெரியோர்களே! காண்பதெல்லாம் குருதி ஆகிவிடாது. இது கட்டுமானத்தின் அழுக்கு. செங்கல் தூசி தண்ணீரில் கரைந்திருக்கிறது, அவ்வளவுதான்."

"செங்கலே இல்லீங்களே தம்பி. இது ஹாலோ பிளாக் ஊடு" என்றார் அண்ணன்.

ஆபரேட்டர் இருமினான். நான் அணியை மாற்றினேன்.

"அப்படியானால் இதை மங்களம் என்று ஏன் கொள்ளக் கூடாது? சிவப்பு நம் மரபில் நல்ல நிறம். இந்த நிலை தனக்குத்தானே குங்குமம் இட்டுக்கொண்டிருக்கிறது!"

"குங்குமம் நெத்தியில வெக்கறதுங்க. இது கால்ல வந்திருக்குது."

உறவினர்களில் இருவர் சிரித்தார்கள். என் பேச்சுக்கு அல்ல, அவர் பதிலுக்கு. தோழர்களே, இவ்வளவு கூர்மையான எதிரணிப் பேச்சாளரை நான் எந்த மேடையிலும் சந்தித்ததில்லை. மூன்றாவது வாதத்தை நான் எடுக்கும் முன், அவர் தமது இறுதி ஆயுதத்தை எடுத்தார்.

"நீங்க இப்ப என்னென்னமோ சொல்றீங்க. ஆனா அன்னைக்கு டிப்போவுல என்ன சொன்னீங்க? இது உசுருள்ள மரம், ரத்தம் வடிக்கும்னு சொன்னீங்களா இல்லீங்களா? புள்ளைங்களப் பாத்து உள்ள அனுப்பும்னு சொன்னீங்களா இல்லீங்களா? அப்பப் புடிக்காத ஆளு வந்தா அதுக்குத் தெரியாதுங்களா?"

அரைவட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணும் பார்த்தாள். அவளுக்கு எதிரான வழக்கில் முதல் சாட்சி நான்தான் என்பது அவளுக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான்.

சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது, டிப்போவிலிருந்து. முதலாளி. "என்ன வேணா பேசு. மரத்துல குறைன்னு மட்டும் ஒத்துக்காத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் சற்று நிற்கிறேன். நாளை உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். கையில் இரண்டு வழிகள் இருக்கும், இரண்டும் பேச்சுதான். மூன்றாவது வாதம் ஒன்று என்னிடம் தயாராக இருந்தது, நல்ல வாதம். மரம் உயிருள்ளதுதான், மருமகளை வரவேற்கத்தான் கண்ணீர் விட்டது என்று முடித்திருக்கலாம். பாதிப் பேராவது உருகியிருப்பார்கள். ஆனால் மரம் அழும் என்று இன்று ஒத்துக்கொண்டால், அடுத்த மழைக்கு அது மறுபடி அழும்போது அந்தப் பை மறுபடி தூணோரம் வந்துவிடும். அந்தக் கணக்கு எனக்கு எப்படியோ சரியாக விழுந்தது.

மேடைத் தமிழ் என்னை விட்டுப் போனது. வீட்டுத் தமிழ்தான் வந்தது.

"ஐயா, அது நான் விக்கறதுக்காகச் சொன்னதுங்க. மரத்துக்கு யாரையும் தெரியாதுங்க. அது பச்ச மரம். காயல. தண்ணி படக்கூடாதுன்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்லி இவன் எங்கிட்டச் சொன்னான். நான் சொல்லல. தப்பு என்மேலதாங்க. அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல."

வாழ்நாளில் நான் பேசிய மிகக் குறுகிய உரை. இதற்கு என்ன பலன் கிடைத்தது என்று கேட்பீர்கள். ஒரு பலனும் கிடைக்கவில்லை.

"இப்பத்தான் நீங்க பொய் சொல்றீங்க" என்றார் அண்ணன் உறுதியாக. "அன்னைக்குப் பேசுனது மனசுலருந்து வந்துச்சு. எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு. இன்னைக்கு இந்தப் புள்ளயப் பாத்துப் பாவப்பட்டுச் சமாளிக்கறீங்க. நல்ல மனசுதானுங்க. ஆனா பொய்."

பொய்யை அவ்வளவு நன்றாகப் பேசியிருந்தேன். உண்மைக்கு இடமில்லாமல் போயிற்று. ஆபரேட்டர் முன்வந்து, "நெசந்தானுங்க, வேங்கைன்னா சாயம் எறங்குமுங்க" என்று சொல்லிப் பார்த்தான்.

"அப்ப கொத்தனாரு சிமெண்டுக்கு அத்தன நாள் தண்ணி அடிச்சானே, அப்ப ஏன் எறங்குல?" என்றார் அண்ணன்.

"அப்ப பிளாஸ்டிக் பேப்பர் சுத்தியிருந்துதுங்க."

"அதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் வர்ற வழியில பேசி வெச்சுக்கிட்டது."

வரும் வழியில் அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை யாரிடம் சொல்வது?

அந்த நேரத்தில் நித்யா உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீரோடு திரும்பி வந்தாள். நேராகப் பெரிய மாமனிடம் போய் நின்றாள்.

"பெரிய மாமா, எங்க ஊட்டுல புதுசா சாயம் போட்ட நூலு மொதத் தண்ணிக்கு இப்படித்தான் விடுமுங்க. யாரு அலசுனாலும் விடும். எங்கப்பா அலசுனாலும் விடும், எதுத்த ஊட்டு ஆயா அலசுனாலும் விடும். இது என் கையா, சாயமான்னு நீங்களே பாத்துருங்க. ஒரு சொம்பு ஊத்துங்க."

"நானா?"

"நீங்கதானுங்க. இந்த ஊட்டுலயே ராசியான கை உங்களதுன்னு அத்தை சொல்லுவாங்க."

அந்த முற்றத்தில் அவ்வளவு நேரம் வாதங்களை அடுக்கிய எனக்கு, இப்படி ஒரு வாதம் இருக்கிறதென்றே தோன்றவில்லை. ஊற்றினால் சிவக்கும், சிவந்தால் அவர் கையும் அதே கை. ஊற்ற மறுத்தால் அவருக்கே தம் ராசியில் சந்தேகம். அண்ணன் இரண்டு வழியையும் மனத்துக்குள் நடந்து பார்த்தது முகத்தில் தெரிந்தது. இரண்டு கோடியிலும் அவள்தான் நின்றிருந்தாள்.

"எனக்குக் கீழ குனிய முடியாது சாமி. இடுப்பு புடிச்சிருக்குது" என்றார்.

"ஏனுங்க மாமா, நின்னுக்கிட்டே ஊத்துனாலும் தண்ணி கீழதான் போவும்" என்றது ஒரு குரல். ரிக் முதலாளியின் மனைவி, அதாவது நித்யாவின் மாமியார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். "ஊத்துங்க. எனக்கும் பாக்கோணும்."

அண்ணன் சொம்பை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். மலைக்கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டார். பிறகு, பச்சைக் குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல, படிக்கட்டையின் ஒரு மூலையில் கொஞ்சமாகச் சரித்தார்.

எல்லோரும் குனிந்தோம். தண்ணீர் மரத்தின் மேல் ஒரு கணம் தயங்கி நின்றது. ஓரத்துக்கு வந்தது. டைல்ஸில் இறங்கியது. காலையில் போலவே, செம்பழுப்பாக.

முதலில் சிரித்தவர், எதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்த ரிக் முதலாளி. "அண்ணா, உங்களையும் அதுக்குப் புடிக்கலயாட்டம் இருக்குது!"

அவ்வளவுதான். அரைவட்டம் உடைந்து சிரித்தது. அண்ணன் சொம்பைத் தூக்கிக்கொண்டு, "இரு, இரு, இந்தப் பக்கம் பாக்கலாம்" என்று மறு மூலையில் ஊற்றினார். அங்கேயும் சிவந்தது. நடுவில் ஊற்றினார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு ஊற்றச் சொன்னார். பிறகு என்னை. அன்று அந்த வாசற்படி எங்கள் எல்லோருக்கும் சிவந்தது. ஒருவருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. கடைசியில் ஆபரேட்டர்தான் ஓடி வந்து சொம்பைப் பிடுங்கினான்.

"போதுமுங்க! இதுக்கு மேல ஊத்துனா மரம் போயிரும்!"

மாமியார் தூணோரம் போனார். அந்தப் பையைத் தாமே எடுத்து மருமகள் கையில் கொடுத்தார். "இத உள்ள கொண்டுபோய் வெச்சுட்டு வா சாமி. அப்படியே அடுப்புல பாலையும் பாத்துரு."

ஆபரேட்டர் காய்ந்த துணியைக் கட்டையின் மேல் விரித்து, வெள்ளிக்கிழமை மஞ்சளைத் தண்ணீர் விடாமல் எண்ணெயில் குழைத்து வைக்கச் சொன்னான். மரம் நன்றாகக் காய்ந்ததும் பாலிஷ் போட்டுத் தருவது எங்கள் பொறுப்பு என்று நான் சொன்னேன். முதலாளியைக் கேட்காமல்தான் சொன்னேன். டிப்போவுக்குத் திரும்பியதும் அவர் என்னை ஏசியதை இங்கே எழுத முடியாது. நிர்வாகம் இதை அச்சிடப் போகிறது. பிற்பாடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நானும் ஆபரேட்டரும் போய் உப்புத்தாள் தேய்த்து அந்தப் படியைப் பளபளப்பாக்கினோம். தேய்க்கும்போது பேச முடியாது, வாயில் தூள் போகும். நல்ல பயிற்சி.

உங்களுக்கு இதில் ஒரு பாடம் வேண்டுமென்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு மரம் வாங்க வருகிறவர் உங்கள் பேச்சையும் மரத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மரம் எங்கே வைக்கப்படுகிறதோ அங்கே அதுவும் நிற்கும். நீங்கள் பக்கத்தில் இல்லாத ஒரு நாளில் யாரோ ஒருவர் அதை எடுத்து, நீங்கள் பார்த்தேயிராத ஒருவர் மேல் வீசுவார். ஆகவே குறையை முதலில் சொல்லுங்கள், பேச்சு அழகாக முடிவதற்கு முன்பே.

வெள்ளிக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருந்தார்கள். போனோம். கணவன் ராஜஸ்தான் புழுதி போகக் குளித்துவிட்டுப் பட்டு வேட்டியில் நிற்க, நித்யா பால் குடத்தோடு வலது காலை எடுத்து வைத்து அந்தப் படியைத் தாண்டினாள். நாதஸ்வரக்காரர் உச்சத்துக்குப் போனார்.

பந்திக்கு உட்கார்ந்தோம். என் இலையிலிருந்து தலைவாசல் நன்றாகத் தெரிந்தது. அங்கே அண்ணன் நாற்காலி போட்டு அமர்ந்து, வருகிற விருந்தினர் ஒவ்வொருவரையும் நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தார்.

"படிய மிதிக்காம தாண்டி வாங்க. ஈரக்காலு ஆவாதுங்க. சாயம் எறங்கும். புதுநூலு மொதத் தண்ணிக்கு விடறதில்லீங்களா, அதேதான். காட்டுத் தேக்குன்னா அப்படித்தானுங்க!"

தேக்கு! என் கையிலிருந்த வடை பாதி வழியில் நின்றது. வேங்கையைத் தேக்கு என்று ஒரு மனிதர், அதுவும் நான் விற்ற வேங்கையை, ஊர் முழுவதற்கும் அறிவித்துக்கொண்டிருக்கிறார். எழுந்து போய்த் திருத்த ஆறு சொற்றொடர்கள் நாக்கின் நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. ஆபரேட்டர் முழங்கையால் இடித்தான்.

ரசம் ஊற்றிக்கொண்டு வந்த நித்யா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"ஏனுங்கண்ணா, பெரிய மாமா தேக்குங்கறாரு. போய்ச் சொல்லலீங்களா?"

"நான் சொன்னா நம்பமாட்டாருங்க" என்றேன். "நீங்க வேணாச் சொல்லிப் பாருங்க."

அவள் சிரித்துவிட்டு, ரச வாளியை ஆபரேட்டரின் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். தலைவாசலில் குனிந்து அவர் காதருகே ஏதோ சொன்னாள். அவர் நிமிர்ந்து நிலையைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். அடுத்து வந்த விருந்தினரைக் கை காட்டி நிறுத்தினார்.

"தாண்டி வாங்க, தாண்டி வாங்க. இது வேங்கைங்க. எங்கூட்டு மருமவ சொன்னா."